சரிவு சார் வாங்கிய அலமாரி

அந்தத் தச்சருக்குத் தெருவில் ‘அங்குலம்’ என்று பெயர். மாமனார் வீட்டுக்கு முதன்முதலாகப் போனபோது, நாற்காலியை அளந்து பார்த்துவிட்டு உட்கார்ந்த மனிதர். அப்பேர்ப்பட்டவருக்குத் தொற்றுக் காலத்தில் நான்கு மாதமாக அளக்க ஒன்றுமே இல்லை. மாதக் கடைசிக்குள் வேலை சூடுபிடிக்காவிட்டால் பட்டறையைப் பூட்டிவிட்டு, மனைவியின் அண்ணனோடு காய்கறி வண்டியில் போவது என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள்.

மாலையானால் தொலைக்காட்சியில் சந்தை விவாதம். அவரவர் வீட்டிலிருந்தே இருவர் மல்லுக்கு நிற்பார்கள். எல்லாம் சரியும் என்பவர் ஒரு பேராசிரியர். எல்லாம் எழும் என்பவர் பங்குத் தரகரான ஒரு பெண்மணி. சரிவு சார், ஏற்றம் அம்மா என்று பெயர் வைத்தவர் அங்குலம்தான். “இந்த வருஷம் மேசை நாற்காலி யாரும் வாங்கமாட்டாங்க” என்று சரிவு சார் சொல்லும்போதெல்லாம், “வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருய்யா!” என்று தொலைக்காட்சியோடு சண்டைக்குப் போவார்.

அந்தச் சரிவு சாரே ஒருநாள் போனில் கூப்பிட்டார். விவாதத்தில் அவருக்குப் பின்னால் வெறும் சுவர் தெரிகிறதாம். புத்தக அலமாரி ஒன்று வேண்டுமாம். ஆனால் வீட்டுக்குள் யாரும் வரக்கூடாது. சுவரைத் தானே அளந்து சொல்லி, அதன் முன்னால் நின்று, சுவிட்ச் இருக்கும் இடம் தெரியும்படி ஒரு செல்ஃபியும் எடுத்து அனுப்பினார்.

எட்டு நாளில் அலமாரி தயார். விவாதத்துக்கு அரை மணி இருக்கும்போது, சாரும் அவர் மருமகனும் அதை உள்ளே தூக்கிப்போய் நிறுத்தினார்கள். ஜன்னல் வழியே பார்த்த அங்குலம் பதறிப்போனார். நடு உயரத்தில் சுவிட்சுக்காக விட்ட இடைவெளி இடப்பக்கம் இருந்தது, சுவிட்ச் வலப்பக்கம். செல்ஃபி இடப்பக்கத்தை வலப்பக்கமாகக் காட்டும் என்பது அந்த அளவு மன்னனுக்கு உறைக்கவே இல்லை.

“தலைகீழா நிறுத்துங்க சார்!” என்று கத்தினார்.

இடைவெளி சுவிட்சில் கச்சிதமாகப் பொருந்தியது. அடியில் இருக்க வேண்டிய அகலப் பட்டைதான் உச்சிக்கு ஏறிவிட்டது. ஊரே பார்த்துச் சிரிக்கப்போகிறது என்று அங்குலம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

விவாதம் தொடங்கியது. “மக்கள் கையை இறுக்கிட்டாங்க. மரச்சாமான் வாங்க ஆளே இல்ல” என்றார் சரிவு சார்.

“உங்க பின்னாடி நிக்கிற அலமாரி போன வாரம் இல்லையே சார்?” என்றார் ஏற்றம் அம்மா.

சார் திரும்பி அலமாரியைப் பார்த்தார். “அது… அது அவசியத் தேவைங்க.”

“எனக்கும் அதே தேவைதான். தச்சர் நம்பரைக் குடுங்க. உச்சியில மகுடம் மாதிரி ஒரு பட்டை இருக்கே, அது கட்டாயம் வேணும்!”

மறுநாள் மதியத்துக்குள் சாரிடம் நம்பர் வாங்கி ஏழு பேர் அங்குலத்தைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஏழு பேருக்கும் மகுடம் வேண்டும்.

“அண்ணன்கிட்ட வண்டிக்கு வேற ஆள் பாத்துக்கச் சொல்லட்டுமா?” என்றாள் மனைவி, சிரிப்பை அடக்கமாட்டாமல்.

“சொல்லு” என்று டேப்பை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்ட அங்குலம், வாசல்வரை போய்த் திரும்பினார்.

“இந்த ஏழு பேரும் செல்ஃபி மட்டும் அனுப்பாம இருக்கணும்.”