இரண்டு கணினியிலும் ஓட வேண்டிய பஸ் அட்டவணை

மாத்தளை நகரில் நான் படித்த கணினி வகுப்பில் விண்டோஸ் கணினிகள் ஆறு, லினக்ஸ் ஒன்று. அந்த ஒன்றை யாரும் சீண்டுவதில்லை. தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து, சோதனைச் சாவடியில் இறங்கி ஏறி நான் வருவதற்குள் மற்ற ஆறும் நிறைந்துவிடும். ஆகவே அது எனக்கு.

என்னோடு படித்த உக்குவளைக் கடைக்காரர் மகளுக்கு இந்தக் கவலையே இல்லை. வீட்டிலேயே கணினி இருந்தது. பென் டிரைவைக் கழுத்தில் நகை மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு வருவாள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிப் படிப்பை முடித்தவள் நான். அவள் சிரிப்பதுகூட எனக்குப் பிடிக்காது.

அந்த மாதம் சார் ஒரு புதிய மென்பொருள் சட்டகத்தை அறிமுகப்படுத்தினார். பொத்தான், பட்டியல் எல்லாம் அதில் ஆயத்தமாக இருக்கும். நிரலை ஒரு தடவை எழுதினால் விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். கடைசி நாளில் ஆளுக்கொரு பஸ் நேர அட்டவணை செய்து இரண்டிலும் ஓட்டிக் காட்ட வேண்டும். அதைப் பார்த்து சார் தேர்ந்தெடுக்கிற ஒருவருக்கு அங்கேயே உதவி ஆசிரியர் வேலை. அது கிடைக்காவிட்டால் அம்மாவோடு கொழுந்து பறிக்கப் போக வேண்டியதுதான்.

கடைசி நாளுக்கு முந்தின நாள் அவள் திரையை எட்டிப் பார்த்தேன். பல்லேபொல, பலாபத்வல என்று ஊர்ப்பெயர்களை அழகாக அடித்திருந்தாள், பழைய தமிழ் எழுத்துருவில். அந்த எழுத்துரு உள்ள கணினியில் மட்டும்தான் அது தமிழாகத் தெரியும். லினக்ஸில் அது இல்லை. அதனாலேயே நான், எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோட் முறையைப் பழகியிருந்தேன்.

"நல்லா இருக்கா புள்ள?" என்று கேட்டாள்.

"ம். நல்லா இருக்கு."

மறுநாள் என்னுடையது இரண்டிலும் ஓடியது. அவளுடையது லினக்ஸில் திறந்தபோது ஊர்ப்பெயர்கள் இருந்த இடமெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடந்தன.

"இந்த பஸ் லண்டனுக்குப் போகுது போல," என்றான் பின்னாலிருந்து ஒருவன். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

"ஏன் இப்பிடி ஆச்சு? யாருக்காச்சும் தெரியுமா?" என்றார் சார்.

கையை உயர்த்தி விளக்கினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நேத்து பார்த்தப்பவே எனக்குத் தெரியும் சார்," என்றேன்.

அவள் திரும்பினாள். "நேத்து ஒங்கிட்ட கேட்டேனே."

சார் என் திரையை ஒரு தடவை பார்த்தார். "ஒன்னோட வேலைதான் சுத்தம், மகள். ஆனா இங்க வர்ற புள்ளைங்க தப்பு செஞ்சிக்கிட்டேதான் இருப்பாங்க. நீ பார்த்துக்கிட்டு நிப்பியா?"

தெரியாததைக் கேட்கத் தயங்காதவள் என்று வேலையை அவளுக்கே கொடுத்தார். அன்றே எல்லாவற்றையும் யுனிகோடில் திருப்பி அடித்தாள், விசைப்பலகையில் எந்த எழுத்து எங்கே என்று என்னிடமே கேட்டுக் கேட்டு. பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தேன். பொறாமை போய்விட்டது என்று சார் நினைத்திருப்பார். அவளுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்பதை வகுப்பே பார்க்கட்டும் என்றுதான் நின்றேன்.