அழிக்கப்பட்ட சிவப்புக் கோடு: வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் பத்தரைக் கிலோமீற்றர்

என் காரின் சோக் கம்பியில் இருந்த சிவப்புக் கோட்டை இரத்மலானையில் ஒரு கராஜில் துடைத்து அழித்துவிட்டார்கள். இதுவரை ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. "அழுக்கெண்டு நினைச்சம் சேர்" என்றார் முதலாளி. அது அழுக்கு அல்ல. என் மனைவி ரீற்றா தன் கியூடெக்ஸ் நகப்பூச்சால் பூசிய கோடு. அவள் இறந்து நான்கு வருடமாகிறது.

பழைய கார் வைத்திருக்காதவர்களுக்கு ஒரு விளக்கம். காலையில் குளிர்ந்திருக்கும் இயந்திரத்துக்குப் பெற்றோல் கூடுதலாக வேண்டும். அதற்காக டாஷ்போர்டின் நடுவில் இருக்கும் சோக் குமிழை முழுக்க இழுத்து ஸ்டார்ட் செய்து, பிறகு மெல்ல உள்ளே தள்ளவேண்டும். மற்றக் கார்களில் கடைசிவரை தள்ளலாம். ஸ்ரீ எழுத்துள்ள அந்தக் காலத்து இலக்கத் தகடு போட்ட என்னுடைய ஆங்கிலக் கார் அப்படியல்ல. குமிழின் கம்பியிலுள்ள சிவப்புக் கோடு டாஷ்போர்டின் விளிம்பில் தெரியும் இடத்தில் விடவேண்டும். கூடத் தள்ளினால் சிக்னலில் நின்றுவிடும். குறையத் தள்ளினால் கறுப்புப் புகை. ஓட்டுவது என் வேலை, சோக் ரீற்றாவின் வேலை. முப்பத்தொரு வருடம் இடப்பக்க இருக்கையில் இருந்து அதை அவள்தான் பார்த்தாள்.

கடந்த இரண்டு வருடத்தில் மூன்று தடவை இந்தக் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். அதனால்தான் கராஜில் விட்டேன். திரும்பி வந்தபோது கோடு இல்லை. மகள் நிர்மலா கல்யாணக் கார் வாடகைக்கு விடும் ஒருவரிடம் காரைக் கொடுத்துவிடப் பேசி வைத்திருந்தாள். "இன்னொருக்கா இழுத்துக்கொண்டு வந்தா சாவியைத் தரவேணும் அப்பா" என்றாள். ஓம் என்று சொல்லிவிட்டேன். சொன்னால் சொன்னதுதான்.

கோடு எங்கே இருந்தது என்று அறிந்த இன்னொருவர் ரீற்றாவின் தங்கை பிலோமினா. கொட்டாஞ்சேனையில் இருக்கிறாள். பின் இருக்கையிலிருந்து எங்களுடைய எல்லாச் சண்டைகளையும் கேட்டவள். போனில் கேட்டேன். "கை வைச்சுப் பாத்தாத்தான் தெரியும் அத்தான். வண்டியைக் கொண்டுவாங்கோ" என்றாள்.

சனிக்கிழமை காலை 7.05க்குப் புறப்பட்டேன். ஐந்து லீற்றர் பெற்றோல், இரண்டு போத்தல் தண்ணீர், ஒரு பழைய துவாய். காலி வீதியில் சிக்னல்கள் அதிகம் என்பதால் மரைன் டிரைவ் வழியைப் பிடித்தேன். இடப்பக்கம் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். இந்த வழியில் போகும்போது ரீற்றா கண்ணாடியை இறக்கிவிட்டு, உப்புக் காற்று காருக்குக் கூடாது என்று நான் சொல்லும்வரை காத்திருப்பாள். சொன்னதும் இன்னும் கொஞ்சம் இறக்குவாள்.

7.20க்குப் பம்பலப்பிட்டி ஸ்டேஷனுக்கு எதிரே கார் நின்றது. அவசரத்தில் சோக்கை முழுக்க இழுத்து ஐந்தாறு தடவை ஸ்டார்ட் செய்தேன். பெற்றோல் மணம் எழும்பியது, பிளக்குகள் நனைந்துவிட்டன. இனிக் காத்திருப்பதுதான் வழி.

ஒரு த்ரீவீல்காரர் பக்கத்தில் நிறுத்தினார். தொப்பி போட்ட, நாற்பது வயது மதிக்கத்தக்க மனிதர்.

"அங்கிள், மியூசியத்துக்கா கொண்டு போறீங்க?"

"கொட்டாஞ்சேனைக்கு."

"எங்கிட்ட கயிறு ஈக்கி. கட்டி இழுக்கவா?"

"இழுத்தா நான் தோத்துப்போவன்."

"யார்ட்ட?"

"மகளிட்டை."

அவர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "அப்ப தள்ளுவோம். தள்ளுறது இழுக்குறது இல்லயே."

சட்டம் தெரிந்த மனிதர். அருகிலிருந்த கடையில் ஆளுக்கொரு பிளேன்டீ குடித்தோம்; இரண்டும் நூற்றிருபது ரூபாய். பிளக்குகள் காய்ந்ததும் அவர் தள்ளினார், கார் எழும்பியது. தள்ளியதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

காலிமுகத்திடலில் ஒரு தடவை, கோட்டை ரயில் நிலையத்தின் முன் ஒரு தடவை நின்றது. கோட்டையில் ஒரு பொலிஸ்காரர் வந்து, இங்கே பார்க் பண்ண முடியாது என்றார். நான் பார்க் பண்ணவில்லை, கார்தான் பார்க் பண்ணிக்கொண்டது என்று சிங்களத்தில் சொன்னேன். சிரிக்கவில்லை, ஆனால் தண்டத் துண்டும் எழுதவில்லை. புறக்கோட்டையில் கைவண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, 9.20க்குப் பிலோமினாவின் ஒழுங்கையில் போய் நிறுத்தினேன். முக்கால் மணி நேரத்தில் வரவேண்டிய தூரம்.

பிலோமினா இடப்பக்க இருக்கையில் ஏறினாள். நான்கு வருடமாக அதில் யாரையும் ஏற நான் விட்டதில்லை.

"ஸ்டார்ட் பண்ணுங்கோ."

குமிழைப் பிடித்துக்கொண்டு இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டாள். மெல்லத் தள்ளினாள், கொஞ்சம் இழுத்தாள், விட்டாள். உதறல் நின்று கார் சீராக ஓடத் தொடங்கியது.

"பிழை" என்றேன். "கோடு இவ்வளவு வெளியில இல்லை. அரை விரல் உள்ளுக்கு."

"எந்த வருசத்துக் கோடு அத்தான்?"

எனக்கு விளங்கவில்லை.

"அக்கா ஒவ்வொரு டிசெம்பரும் பழசை அழிச்சுப்போட்டு, கொஞ்சம் தள்ளித்தான் பூசுவா. வண்டிக்கு வயசு போகப் போகச் சோக் கூட வேணுமாம். நான்தானே போத்தல் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா 'என்ரை காருக்கு என்ன வயசு' எண்டு நீங்கள் சண்டைக்கு வருவீங்களாம். அதுவும் உண்மைதானே?"

மூன்று தடவை இழுத்து வந்தபோதும் அந்தக் கோடு கம்பியில் இருந்தது. அதைப் பார்த்துத்தான் சோக்கைத் தள்ளினேன். அது நான்கு வருடம் பழைய கோடு. கராஜ்காரர் துடைத்தது குற்றம்தான், அதில் நான் மாறவில்லை. ஆனால் கார் நின்றதற்கு அவர் காரணமில்லை என்பதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

திரும்பும்போது பிலோமினா கூடவே வந்தாள், கை குமிழில். புறப்பட்டது 11.40, வெள்ளவத்தை 12.25. எங்கும் நிற்கவில்லை. பம்பலப்பிட்டியில் அவள் கண்ணாடியை இறக்கினாள். நான் உப்புக் காற்றைப் பற்றிப் பேசவில்லை.

இனி நடக்கவேண்டியவை. பழைய காரில் இந்த வழியாக வர நினைப்பவர்கள் ஆறரைக்கு முன் புறப்படவேண்டும். நின்றுவிட்டால் சோக்கை இழுத்துக்கொண்டே இருக்கக்கூடாது, கால் மணி நேரம் பொறுக்கவேண்டும். கராஜ் முதலாளி இனி எந்தக் காரிலும் உரிமையாளரைக் கேட்காமல் ஒரு புள்ளியைக்கூடத் துடைக்கக்கூடாது. எனக்கு ஒரு மன்னிப்புக் கடிதமும் தரவேண்டும், காத்திருக்கிறேன். நிர்மலா அந்தக் கல்யாணக் கார் ஆளுக்கு இன்றைக்கே போன் பண்ணி இல்லை என்று சொல்லவேண்டும். பிலோமினா டிசெம்பரில் சிவப்புக் கியூடெக்ஸோடு வந்து, பழைய கோட்டை அழித்து, புதிய கோட்டைப் பூசவேண்டும். அது எவ்வளவு தள்ளிப் போனாலும், அது காயும்வரை நான் வாய் திறக்காமல் போத்தலைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.