கிடர்பூர் கடையில் ஒரு பிரெஞ்சு அகராதி

“வார்த்தைக்கு வார்த்தை அகராதி பாக்கிறவளுக்கு எவன் வேலை குடுப்பான்?” என்றார் சித்தப்பா. கிடர்பூர் துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை முதலில் மிதித்தவள் நான். நான் பிரெஞ்சு வரை போய்விட்டதை அவரால் நம்பவும் முடியவில்லை, சும்மா விடவும் முடியவில்லை.

அலிப்பூரில் கப்பல் ஆவணங்களை மொழிபெயர்க்கும் அலுவலகம் ஒன்று மறுநாள் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தது. ஃபோனும் இணையமும் கூடாது. அகராதியை அவரவர் கொண்டுவரலாம், மின்னூல் கருவியில் இருந்தாலும் சரி. வருகிறேனா இல்லையா என்று அன்று மாலைக்குள் சொல்ல வேண்டும். என்னுடைய பழைய கருவியில் ஆங்கில அகராதி மட்டுமே இருந்தது. பிரெஞ்சு அகராதியை ஃபோனில் இறக்கி வைத்திருந்தேன். அதைக் கருவிக்குள் ஏற்றக் கம்ப்யூட்டர் வேண்டும். மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரும் கடைக்குப் போனேன். துணைக்கு வருகிறேன் என்று சொல்லி, வேடிக்கை பார்க்கச் சித்தப்பாவும் வந்தார்.

கடைக்காரர் வங்காளி; அண்ணன் என்ற பொருளில் தாதா என்றுதான் கூப்பிடுவோம். அவர் என் கருவியில் கேபிளைச் செருகினார். பாட்டுக் கடைகளில் ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கார்டு வந்தாலும் முதலில் துடைத்துக் காலியாக்கிவிட்டுத்தான் ஏற்றுவார்கள். திரையில் ‘ஃபார்மேட்’ பெட்டி திறந்தது. என் பயிற்சிப் பாடங்களும், நான் கோடிட்டு வைத்த சொற்களும் அந்தக் கருவியில்தான் இருந்தன.

“தாதா, நிறுத்துங்க!” அவர் கைமேல் என் கை விழுந்துவிட்டது.

“கிச்சு ஹொபே நா, திதி.” ஒன்றும் ஆகாது, அக்கா என்று சிரித்தார்.

“தள்ளுங்க. நானே பண்றேன்.” பதற்றத்தில் தமிழில்தான் சொன்னேன். அவருக்குப் புரிந்தது. எழுந்துகொண்டார்.

ஃபோனிலிருந்த கோப்பைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, கருவியில் அகராதிகளுக்கான ஃபோல்டரில் போட்டேன். கேபிளைக் கழற்றி, பாடத்தில் ‘அவாரி’ என்ற பிரெஞ்சுச் சொல்லை விரலால் அழுத்தினேன். ஆங்கில அகராதிதான் திறந்தது. அப்படி ஒரு சொல் இல்லை என்றது. மறுபடி அழுத்தினேன். அதே பதில்.

“அதுக்கே தெரியலையாம்,” என்றார் சித்தப்பா.

செட்டிங்ஸில் பார்த்தால் அகராதிப் பட்டியலில் புதியதன் பெயரே இல்லை. கருவியை அணைத்து மீண்டும் போட்டேன். திரை கறுத்தது. கறுத்தே கிடந்தது. தாதா எட்டிப் பார்த்து, செத்துவிட்டது என்பதுபோல் கையை விரித்தார். வெளியே ஒரு லாரி ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

மெல்லத் திரை வெளுத்தது. பட்டியலில் பிரெஞ்சு வந்திருந்தது. அதைத் தேர்ந்தெடுத்து, ‘அவாரி’யை அழுத்தினேன். கடல் வழியில் கப்பலுக்கோ சரக்குக்கோ நேர்ந்த சேதம். தாதாவுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகப் படித்தேன்.

“பொட்டி சொல்லிடுச்சு,” என்றார் சித்தப்பா. “பக்கம் பூரா இதையே அமுக்கிட்டிருந்தா நேரம் போயிடாதா?”

“தெரியாததை மட்டும்தான் அமுக்குவேன்.”

“எத்தனை தெரியாது?”

“நாளைக்குத் தெரியும்.”

அவர் சிரிக்கவில்லை. நானும்தான். ஃபோனை எடுத்து, ‘வருகிறேன், அகராதி என்னிடம் இருக்கிறது’ என்று அலுவலகத்துக்குத் தட்டினேன்.

“யோசிச்சு அனுப்பு, பாப்பா.”

“அனுப்பிட்டேன், சித்தப்பா.”