புகையும் போத்தலும்

நவாஸ் சேர் சென்ற வெள்ளிக்கிழமை மௌத்தானார். மரணச் சேதியைத் தொலைபேசியில் சொன்னவரிடம், "ஆர் கண்டது?" என்று கேட்டுவிட்டேன். "நான்தான், வாப்பாட பக்கத்திலேயே இருந்தேன்" என்றார் அவருடைய மகன்.

மதுரங்குளியில் அவரிடம் இரசாயனம் படித்தவர்கள் நிறையப் பேர். நான் படித்தவனில்லை, கருவாட்டு வியாபாரி. மேலே அடுக்கியிருப்பதை நம்பாமல், மூட்டையின் அடியில் கைவிட்டு இழுத்துப் பார்க்கிறவன். சேரும் அப்படித்தான், மூட்டைதான் வேறு.

ஒருநாள் கொழும்பிலிருந்து ஒருவர் மருந்துப் போத்தலோடு என் கடைக்கு வந்தார். சீனி வருத்தத்தின் நஞ்சையே இது அழிக்கும், இந்தப் பக்கத்துக்கு ஏஜென்சி எடுங்கள் என்றார். இன்சுலின் ஊசி போடுகிற என் ராத்தா, உடன்பிறந்த மூத்தவர், அங்கேதான் இருந்தார். "அப்ப எனக்கு ஊசி தேவல்லையா?" என்று கேட்டார். வந்தவர் சிரித்தார். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. சேரைக் கூப்பிட்டேன்.

சேர் ராத்தாவைப் பார்த்துப் பேசினார். "உடம்பில ஒவ்வொரு கலமும் சீனிய உடைச்சுச் சக்தி எடுக்குது. உடைக்கக்குள்ள மெதைல்கிளையொக்சல் எண்டு ஒண்டு கொஞ்சம் கழியும், அடுப்புப் புகை மாதிரி. பொல்லாத சாமான். புரதத்தில ஒட்டிப் பழுதாக்கும். அதை அகற்றக் கலத்துக்குள்ளேயே நொதியங்கள் இருக்கு. சீனி கூடினா புகையும் கூடும், அதுகளுக்கு ஏலாமப் போகும்."

"அந்தப் புகையைத்தான் இது அழிக்குது" என்றார் போத்தல்காரர்.

"எதில கண்டீங்க?"

"லேப்ல, கலத்தில."

"மனுசர்ல?"

போத்தல்காரர் குரலைத் தாழ்த்தி, "லேபல்ல சேர்ட பேரைப் போடுவம். சேருக்கும் ஒரு பங்கு" என்றார்.

நான் சேரின் முகத்தையே பார்த்தேன். அவரையும் அதுவரை முழுதாக நம்பவில்லை. பிறர் வியாபாரத்தில் குறை சொல்ல வருகிறவருக்கு அதில் ஏதாவது லாபம் இருக்கும் என்பது என் அனுபவம்.

"போடுங்க" என்றார் சேர். "பேருக்குக் கீழ, 'இன்சுலினை நிப்பாட்ட வேணாம்' எண்டும் பெரிசாப் போடுங்க."

போத்தல் பைக்குள் போனது.

ராத்தா விடவில்லை. "அப்ப புகைக்கு என்ன வழி சேர்?"

"அடுப்பை அணைச்சா ஆளே மௌத்து. விறகை அளவா வைங்க. ஊசியை விடாதீங்க."

அவரை அறிந்த உங்களுக்குச் சொல்கிறேன்: "எதில கண்டீங்க?" என்ற கேள்வியை நான் வைத்துக்கொண்டேன். கடையில் அது உதவாத நாளில்லை.

அன்று வந்ததற்கு என்ன தரவேண்டும் என்று கேட்டேன். சும்மா வருகிறவரை நான் நம்புவதில்லை. அவர் சொன்னார், நான் ஒப்புக்கொண்டேன்: பாலும் சீனியும் போடாத பிளேன்டீ ஒன்று; ராத்தாவின் ஊசி ஒருநாளும் தவறக்கூடாது.