நான்காம் எண் லைன்

இதைக் கதையென்று நினைத்துவிடாதீர்கள். என் சித்திக்கு நடந்தது. அந்தக் காலத்தில், எங்கள் முதல் செயற்கைக்கோள் விண்ணுக்குப் போனபோது, ஏவுதளத்தின் கான்கிரீட் அறையில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர் அவர். அங்கே எல்லோருக்கும் அவர் 'அக்கா'தான்.

காலை 11.20-க்கு ராக்கெட் கிளம்பியது. பத்து நிமிடத்தில் ரேடியோவில் 'பீப்... பீப்...' என்று சத்தம். பெரிய பெரிய இன்ஜினீயர்களெல்லாம் சின்னப் பிள்ளைகள்போலக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அப்போதுதான் சித்தியின் டெலிபோன் இணைப்புப் பலகையில் நான்காம் எண் விளக்கு எரிந்தது. மணி 11.31. அது ராக்கெட்டை ஒட்டி நின்ற இரும்புக் கோபுரத்தின் உச்சியில் இருந்த போன்.

எடுத்தார். காற்றின் இரைச்சல்...

"அக்கா, நான் இன்னும் மேலதான் இருக்கேன். ஏணிய எடுத்துட்டாங்க. எண்ணுறத நிறுத்தச் சொல்லுங்க."

"யாருப்பா நீ? ராக்கெட்தான் போயாச்சே."

"எங்கக்கா போச்சு? பக்கத்துலதான நிக்குது..."

பிறகு ஒரே உறுமல். லைன் செத்துப்போனது.

உடனே ஆட்களை எண்ணினார்கள். ஃபிட்டர்கள் ஏழு பேரும் பத்திரம். கோபுரத்துக்குப் போன டெலிபோன் கம்பி முப்பது அடிக்கு உருகிக் கிடந்தது. "சத்தத்துல காது அடைச்சிருக்கும்மா," என்றார் தலைமை இன்ஜினீயர். சித்தியும் அப்படியே மனதைத் தேற்றிக்கொண்டார்.

பதினான்கு மாதம் கழித்து, இரண்டாவது செயற்கைக்கோள் வேலைக்குப் புதிதாக ஒரு ஃபிட்டர் வந்தான். கோபுரத்திலிருந்து லைனைச் சோதித்தான்.

"அக்கா, கேக்குதா?"

சித்திக்கு உடனே தெரிந்துவிட்டது. அதே குரல்.

"ஏவுற அன்னைக்கு மட்டும் லீவு போட்டுருப்பா," என்றார் அவனிடம்.

"சேந்து ஒரு மாசம்கூட ஆகல. லீவு யாரு குடுப்பாங்கக்கா?" சிரித்தான்.

தலைமை இன்ஜினீயரோ பேச்சையே எடுக்கவிடவில்லை.

ஏவும் நாளன்று காலை எட்டு மணிக்கே சித்தி நான்காம் எண்ணை இணைத்துக்கொண்டார். கருவியைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை.

10.40. "வேலை முடிஞ்சுதுக்கா. இறங்குறேன்."

"சீக்கிரம் இறங்குப்பா."

10.52. இறங்கிவிட்டான், அடுத்த அறையில் இருக்கிறான் என்றார்கள். பதிவேட்டில் கையெழுத்தும் இருந்தது.

11.05. லைனில் சத்தமில்லை.

11.08... சத்தமில்லை.

11.10. ராக்கெட் கிளம்பியது.

அடுத்த அறையில் அவன் இல்லை.

மூன்றாம் நாள், தூரத்திலிருந்து எடுத்த படச்சுருளைக் கழுவித் திரையில் ஓட்டினார்கள். கோபுரத்தின் உச்சியில் ஓர் ஆள். காதில் போன். வாய் அசைகிறது. நடுநடுவே நிறுத்தி, யாரோ பதில் சொல்வதுபோலக் கேட்கிறான். ஒருமுறை திரும்பி ராக்கெட்டைப் பார்த்துவிட்டு, மறுபடி பேசுகிறான்...

ராக்கெட் கிளம்புவதற்கு முந்தைய இரண்டு நிமிடம்.

அந்த இரண்டு நிமிடமும் சித்தி லைனில்தான் இருந்தார்.