கைக்குத் தெரியாத ஆட்டம்

கொட்டாஞ்சேனைப் பக்கம் மரவேலை செய்கிறவர்களுக்கு ஒஸ்வால்ட் பாஸைத் தெரியும். கைத்தொழிலாளியை அங்கே பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். கதவோ, அலுமாரியோ, சாப்பாட்டு மேசையோ, பழைய வார்னிஷைத் தேய்த்தெடுத்துப் புதிதாகப் பொலிஷ் போட்டுக் கொடுப்பார். வாலிபத்தில் பிடித்த தொழில், ஐம்பது தாண்டியும் அதுதான். மரம் தேய்க்கிற, கையடக்கமான வட்ட சாண்டர் மெஷின் ஒன்று வைத்திருந்தார். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு அதைப் பிடித்தாரென்றால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் கீழே வைப்பார்.

போன வருஷம் வெள்ளவத்தையில் ஆசிரியை தாரிகாவின் ஃபிளாட்டில் வாசல் கதவு வேலை கிடைத்தது. தேய்த்து முடித்து முதல் பூச்சும் பூசியாயிற்று. தாரிகா கதவை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

“பாஸ், இஞ்ச ஒருக்கா வாங்கோ. இதென்ன, சுருள் சுருளாக் கிடக்கு?”

கதவு முழுக்க நகத்தால் கீறியது போல் வளையங்கள். ஒஸ்வால்ட் குனிந்து பார்த்தார். தன் வேலையில் இப்படியொன்றை அவர் கண்டதில்லை.

“சாண்ட் பேப்பர் பிழை, மிஸ். திரும்பத் தேய்ச்சுத் தாறன்.”

வீட்டுக்கு வந்ததும் பலகை ஒன்றை வைத்து மெஷினைப் போட்டுப் பார்த்தார். வழக்கம்போல ஓடுவதாகத்தான் பட்டது. வயர் தடக்க, கொஞ்சம் பிடிக்கச் சொல்லி மனைவி ரொஷேலிடம் நீட்டினார். பிடித்தவள் உடனே கையை எடுத்துவிட்டாள்.

“ஐயோ, என்னங்க இந்த ஆட்டம் ஆடுது! தோள் வரைக்கும் அடிக்குது. உங்களுக்குத் தெரியல்லையா?”

“கொஞ்சம் ஆடுதுதான்” என்றார் ஒஸ்வால்ட். உண்மையில் அவருக்கு எதுவுமே தெரியவில்லை.

ஆனாலும் அன்று அவருக்கு நிம்மதியாகவே இருந்தது. பழுது மெஷினில்தான், தன்னிலில்லை. சாண்ட் பேப்பர் ஒட்டும் அடித்தட்டைக் கழற்றினார். உள்ளே பெயாரிங் தளர்ந்து, மரத்தூள் அடைத்துக் கிடந்தது. விரலால் அசைத்தபோது பல் ஆடுவதுபோல ஆடியது. தட்டின் ஓரமும் வெடித்திருந்தது. மறுநாள் பஞ்சிகாவத்தையில் முஹம்மதுவின் உதிரிப்பாகக் கடைக்குப் போனார்.

“இந்த பெயாரிங் கணக்கா வரும் பாஸ். தட்டு மட்டும் பாரம் கூடினதப் போட்டுடாதீங்க. பாரம் மாறினா திரும்பவும் ஆடும்” என்று முஹம்மது அதே நிறையுள்ள தட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

ஒஸ்வால்ட் உள்ளே தூளைத் துடைத்து, பழைய பெயாரிங்கை இழுத்தெடுத்து, புதியதை மெதுவாகத் தட்டி இறக்கினார். தட்டைப் பூட்டி மெஷினை ஓடவிட்டார். சத்தம் சீராக இருந்தது. ரொஷேல் தயங்கித் தயங்கிக் கையை வைத்தாள்.

“இப்ப ஆடுதா?”

“இல்லங்க. நல்லா ஓடுது.”

அவரும் பிடித்தார். நேற்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. நேற்றும் ஒன்றும் தெரியவில்லை, இன்றும் ஒன்றும் தெரியவில்லை. விரல்கள் யாருடையவோ போலிருந்தன. காலையில் விரல் நுனிகள் வெளுத்துக் கிடப்பதைப் பார்த்து, குளிரென்று எண்ணியிருந்தார். ரொஷேலிடம் எதுவும் சொல்லாமல் மெஷினைப் பையில் வைத்தார்.

மறுநாள் வெள்ளவத்தையில் வளையங்கள் போகத் தொடங்கின. ஒஸ்வால்டுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. கதவின் நடுவில் ஒரு வளையம் மட்டும் போகாமல் நின்றது. அழுத்தினார். எவ்வளவு அழுத்துகிறோம் என்று கை சொல்லவில்லை. மெஷினைத் தூக்கியபோது தேக்கின் நிறத்துக்கு நடுவே உள்ளங்கையளவு வெள்ளைத் திட்டு. மேலே ஒட்டியிருந்த மெல்லிய தேக்குத் தகடு தேய்ந்து, உள்ளேயிருந்த சாதாரணப் பலகை தெரிந்தது. அதை இனி எந்தப் பொலிஷாலும் மூட முடியாது.

தாரிகா சத்தம் போடவில்லை. கதவைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார்.

“நீங்கள் போங்கோ, பாஸ். நான் வேற ஆளப் பாக்கிறன்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். பஸ்ஸில் கொட்டாஞ்சேனை வரும்வரை மெஷினை மடியில் வைத்து, ஒரு விரலால் மற்ற விரல்களைக் கிள்ளிக்கொண்டே வந்தார்.

ரொஷேல்தான் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டொக்டர் ஊசி நுனியால் விரல்களைத் தொட்டுத் தொட்டுக் கேட்டார். அநேக இடங்களில் ஒஸ்வால்டால் பதில் சொல்ல முடியவில்லை. வருஷக்கணக்கான அதிர்வில் நரம்புகள் கெட்டுவிட்டன, இனி மெஷின் பிடித்தால் இருப்பதும் போய்விடும் என்று டொக்டர் சிங்களத்தில் சொன்னார்.

“திரும்பி வராதா?” என்று ரொஷேல் கேட்டாள்.

டொக்டர் இல்லையென்று தலையாட்டினார்.

வெளியே வந்து அங்கிருந்த நீள வாங்கில் உட்கார்ந்தார்கள். “எனக்கு வேற என்ன தெரியும், சொல்லு” என்றார் ஒஸ்வால்ட். அவள் அவர் கையைப் பிடித்திருந்தாள். அதைக் குனிந்து பார்த்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

சாண்டரை வத்தளையில் ஒரு மரவேலைக்காரர் வாங்கிப்போனார். மெஷின் அருமையாக ஓடுகிறது என்று போன் பண்ணிச் சொன்னார். ஒஸ்வால்ட் நன்றி சொல்லிவிட்டு வைத்தார்.

இப்போது கொள்ளுப்பிட்டியில் ஒரு மாடிக்கட்டடத்தின் கார் பார்க்கில் காவலுக்கு நிற்கிறார். கார் வந்தால் சுவிட்சை அழுத்திக் கேட்டைத் திறக்க வேண்டும். அழுத்தினோமா என்று விரலுக்குத் தெரிவதில்லை. சந்தேகத்தில் இன்னொரு தரம் அழுத்திவிடுகிறார். திறக்கத் தொடங்கிய கேட் மூடிக்கொள்கிறது. கார்க்காரர்கள் ஹோர்ன் அடிக்கிறார்கள்.