இடப்பக்கத்து நாற்காலி

“இந்த நாற்காலிக்கு நீ எப்படி வந்த?” என்று டோர்டிஸ் கேட்டாள்.

யோருனின் அத்தைக்கு அறுபதாவது பிறந்தநாள் விருந்து. ஆட்டுக்கறித் தட்டுகள் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தன. சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்தால் விருந்து முடியும்வரை மீன்பண்ணைக் கதைதான் என்பதால், மேசையில் வைத்திருந்த தன் பேர் அட்டையை வேறோர் அட்டையோடு மாற்றி வைத்துவிட்டதாக யோருன் மெல்லச் சொன்னாள்.

“யாரோட அட்டை?”

“உன்னோடதுதான்.”

“விருந்து கொடுக்கறவளோட இடப்பக்கம்மா இது.”

யோருனுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த ஊர் வழக்கப்படி, அந்த இடத்தில் இருப்பவர்தான் கடைசியில் எழுந்து, எல்லார் சார்பிலும் சாப்பாட்டுக்கு நன்றி சொல்லிப் பேச வேண்டும். வகுப்பில்கூட எழுந்து நின்று பேசாதவள் அவள்.

“எனக்குப் பேச வராது.”

“நாற்காலிக்கு அது தெரியாதே. பள்ளிக்கூடத்துல ரெண்டு மொழி படிக்கற, ஒண்ணுலகூடவா வராது?”

யோருனின் முகம் வெளுத்ததைப் பார்த்ததும் டோர்டிஸ் கேலியை நிறுத்திக்கொண்டாள். “எழுந்திரு. சித்தப்பா காத்துக்கிட்டிருக்கார்” என்று சொல்லி, தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

டோர்டிஸ், கடற்கழியைக் கடக்கும் படகில் தின்பண்டக் கடை நடத்துகிறவள். எஞ்சின் சத்தத்துக்கு மேலே குரல் கொடுத்துப் பழகியவள். கல்யாணமோ இழவோ, பேச அவளைத்தான் கூப்பிடுவார்கள். கையில் தாள் இருக்காது. எழுந்ததும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, எல்லோரையும் ஒருமுறை பார்ப்பாள். அந்தக் கம்பீரத்தைப் பற்றி யாரோ வியந்தபோது, கை நடுக்கம் தெரியாமல் இருக்கத்தான் பிடித்துக்கொள்வதாகச் சொல்லிச் சிரித்தாள்.

விருந்துக்கு வந்தால் முதலில் அடுக்களைக்குள் ஒரு நடை போய்வருவாள். அன்றும் போயிருந்தாள். பேச எழுந்து அத்தைக்கு நன்றி சொன்ன கையோடு, கறிக்கு ஊற்றிய குழம்பில் ஒரு கட்டிகூட இல்லையே, கிண்டியது யார் என்று விசாரித்ததாகச் சொன்னாள். மாமாதானாம். வாசலில் மணி அடித்தும், கரண்டியை விட்டால் கெட்டுப்போகும் என்று நகராமல் நின்றாராம். கூடம் சிரித்தது. மாமா காது வரை சிவந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். உருளைக்கிழங்கு உரித்த பக்கத்து வீட்டுக்காரி பேரும் அந்தப் பேச்சில் வந்தது.

பேச்சிலிருந்து தன்னைக் காப்பாற்றியதற்கு டோர்டிஸிடம் நன்றி சொல்லத்தான் யோருன் காத்திருந்தாள். கோட்டு மாட்டும் இடத்தில் டோர்டிஸைச் சுற்றி ஒரே கூட்டம். கிட்டே போகாமலே திரும்பிவிட்டாள். பிறகு படகில் அவளிடம் அப்பம் வாங்கும்போதெல்லாம் யோருன் “நன்றி” என்பாள். அப்பத்துக்குச் சொன்ன நன்றியாகவே அது ஒவ்வொரு தடவையும் போய்விடும். இப்படியே வருஷங்கள் ஓடின.

போன வசந்தத்தில் ஒருநாள் டோர்டிஸ் அப்பத்தை நீட்டினாள், ஆனால் விடவில்லை. தனக்கு ஐம்பது வயதாகிறது, வீட்டில் விருந்து, தானே சமைக்கப்போவதாகச் சொன்னாள்.

“எல்லார் சமையலுக்கும் நான் நன்றி சொல்லியாச்சு. என் சமையலுக்கு ஒருத்தர் எழுந்து சொல்லி நான் கேட்டதில்ல. என் இடப்பக்கத்துல உன் பேரைத்தான் வெக்கப்போறேன். அட்டையை மட்டும் மாத்திடாத, யோருன்.”